யாருக்கு நோய்?

பொம்மை கிடைத்தால் பிள்ளைக்கு வேறொன்றும் வேண்டாம். சோறு வேண்டாம், சற்று நேரம் தாயும் வேண்டாம். அத்தகைய பொம்மைகள் நான்கினை எடுத்து வைத்து, மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேள்விகள் சில கேட்டனர் இருவர், கணவனும் மனைவியும். இடம் அமெரிக்கா. காலம் 1940ஆம் ஆண்டை ஒட்டியது. பிள்ளைகள் அனைவரும் கறுப்பின மக்கள் வீட்டுச் செல்வங்கள். பொம்மைகள் நான்கும் உருவிலே ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு நிறத்திலேதான். இரண்டு பழுப்பு நிறம், கறுத்த முடி. இரண்டு வெள்ளை நிறம், மஞ்சள் முடி.

எந்தப் பொம்மையோடு விளையாட விருப்பம் என்று கேட்டனர். எது நல்ல பொம்மை என்று கேட்டனர். எது பார்க்க மோசமாயிருக்கிறது என்றும் கேட்டனர். 253 பிள்ளைகளிலே நூற்றுக்கு 67 பேர் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினர். நூற்றுக்கு 59 பேர் பழுப்புப் பொம்மையைச் சுட்டி, இதுதான் மோசம் என்றனர். கடைசியாக ஒரு கேள்வி: இவற்றிலே உன்னைப்போல் இருப்பது எது? சற்று முன்பு எதனை மோசம் என்று ஒதுக்கிற்றோ, அதனையே தன் கையால் எடுத்து, ‘இதுதான் நான்’ என்று காட்ட வேண்டிய கட்டம். பலர் காட்டினர். சிலர் அழுதனர். சிலர் அந்தக் கேள்வியைத் தாங்க மாட்டாமல் அறையை விட்டே ஓடினர்.

எந்த ஆசிரியர் இதனைக் கற்பித்தார்? எந்த ஏட்டிலே எழுதியிருந்தது? மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏடு ஏது, எழுத்து ஏது! கடைவீதியிலே தாயின் முகம் சுண்டிப் போவதைப் பிள்ளை கண்டது. தந்தையின் வயதிலே பாதிகூட ஆகாதவன் அவரைப் ‘பையா’ என்று விளிப்பதைக் கேட்டது. பேருந்திலே பின்வரிசை, விடுதியிலே புறவாயில், பள்ளியிலே வேறு கட்டடம். இவையே பாடம். எழுத்தறியும் முன்பே பாடம் பதிந்துவிட்டது.

நாம் கேட்கிறோம்: அழுதோடிய பிள்ளைக்கு நோயா, அழவைத்த நாட்டுக்கு நோயா? நாட்டுக்குத்தான் என்று நம் தோழர்கள் உடனே கூறுவர், கைதட்டலும் கிடைக்கும். சரி, நாடு திருந்தும் வரையிலே அந்தப் பிள்ளையை யார் தூக்கி வைத்துக்கொள்வது? கைதட்டி முடித்த பிறகும் இந்தக் கேள்வி நம் எதிரிலே நிற்கிறது. இதற்கு விடை தேடி வாழ்நாளைச் செலவிட்டவர், பொம்மைகளை முன்வைத்த அந்த இருவரிலே ஒருவராகிய மேமி பிப்ஸ் கிளார்க் அம்மையார். உளநூல் வல்லுநர். அவர் கணவர் கென்னத் கிளார்க்கின் பெயரை உலகம் அறிந்த அளவுக்கு அம்மையாரின் பெயரை அறியாது. பெண்ணுக்கு நேரும் வழக்கமான கதி அங்கேயும்!

அம்மையாரின் வழியைக் கூறுமுன், அதே நாட்டிலே அவருக்கு முந்தியவர்கள் இக்கேள்விக்குத் தந்த விடைகளைப் பார்த்தல் நலம். நம் நாட்டிலேயென்றால் விடை ஆயத்தமாக இருக்கும்: தலையெழுத்து, முன்வினை, காற்று, கருப்பு, செய்வினை. பகுத்தறிவாளர் நாம் சிரிப்போம். ஆனால் அமெரிக்காவிலே விடை தந்தது பூசாரியல்ல, மருத்துவர். 1851ஆம் ஆண்டு, லூசியானா மாநிலத்து டாக்டர் சாமுவேல் கார்ட்ரைட் என்பார் மருத்துவ ஏட்டிலே ஒரு புதிய நோயை அறிவித்தார். அடிமைகள் எசமானனை விட்டு ஓடுகிறார்களே, அது ஒருவகை மனநோயாம்! அதற்கு நீண்டதொரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். அறிகுறி, காரணமின்றி முகம் சுளித்தலும் முணுமுணுத்தலும். காரணமின்றியாம்! மருந்து என்னவென்றால், சவுக்கடி. விடுதலை வேட்கைக்கே நோய் என்று பெயரிட்டு, அடித்தவன் கையிலிருந்த சாட்டையை மருத்துவக் கருவியாக்கிய மகானுபாவர் அவர்.

அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பு, 1840இல் எடுத்த மக்கள் கணக்கிலே இன்னொரு வேடிக்கை. வட மாநிலங்களில் அடிமைத்தளை இன்றி வாழும் கறுப்பினத்தவரிடையே பித்து மிகுதி. தென் மாநில அடிமைகளிடையே பித்து குறைவு. இப்படிக் கணக்கு கூறிற்று. அடிமை நிலையே அவர்களின் மூளைக்கு உகந்தது பாரீர் என்று அடிமை முறையின் காவலர்கள் ஆர்ப்பரித்தனர். அமைச்சராயிருந்த கால்ஹவுன் 1844ஆம் ஆண்டு அதனையே அடிமை முறைக்குச் சான்றாகக் காட்டினார். எட்வர்டு ஜார்விஸ் என்ற மருத்துவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். கறுப்பினத்தவர் ஒருவர்கூட வாழாத ஊர்களிலே, பித்துப்பிடித்த கறுப்பினத்தவர் சிலர் உண்டு என்று பதிவாகியிருந்தது! ஊஸ்டர் நகரத்து மனநோய் விடுதியிலிருந்த வெள்ளையர் 133 பேரைக் கறுப்பினத்தவர் பத்தியிலே எழுதி வைத்திருந்தனர். பிழையைச் சுட்டிக் காட்டியும் ஆட்சியாளர் திருத்த மறுத்தனர்.

இவற்றை விரித்துரைக்கக் காரணம் உண்டு. விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்பும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. கைகூப்புவது எதன் முன்னாலாயினும் கைகூப்புவதே. வெண்ணிற அங்கி அணிந்தவர் சொல்வதையும், பூணூல் அணிந்தவர் சொல்வதை உரசிப் பார்ப்பதுபோலவே உரசிப் பார்க்கவேண்டும். ஜார்விஸ் செய்தது அதுதான். கணக்குக்குக் கணக்கால் விடையிறுத்தார். மேமி அம்மையார் செய்ததும் அதுதான்.

அம்மையார் 1917ஆம் ஆண்டு, ஆர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரிலே பிறந்தார். தந்தை மருத்துவர், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர். வறுமை அறியாத வீடு. ஆனாலும் பள்ளி, கறுப்பினத்தவர்க்கெனப் பிரித்து வைத்த பள்ளிதான். டாக்டர் வீட்டுப் பெண் என்பதற்காக நிறவெறி நடையை மாற்றிக்கொள்ளுமா? வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்திலே கணிதம் படிக்கச் சேர்ந்தவர், அங்கே சந்தித்த கென்னத்தின் தூண்டுதலால் உளநூலுக்கு மாறினார். 1938இல் பட்டம் பெற்றதும், கோடை விடுமுறையிலே வழக்கறிஞர் வில்லியம் ஹூஸ்டனின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். நிற ஒதுக்கலை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் வழக்கறிஞர்கள் கூடிப் பேசும் இடம் அது. சட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கியதல்ல, வழக்காடி மாற்றக்கூடியது என்பதை அந்த இளம்பெண் அங்கே கண்ணாரக் கண்டார்.

முதுகலைப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வே, கறுப்பினக் குழந்தைக்குத் தன் இனம் இன்னதென்ற உணர்வு எந்த வயதிலே, எவ்வாறு தோன்றுகிறது என்பது. பொம்மைச் சோதனை அதிலிருந்து கிளைத்தது. பிறகு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் தேர்ந்துகொண்ட வழிகாட்டி யார் தெரியுமோ? ஹென்றி காரெட் என்ற பேராசிரியர். கறுப்பினத்தவர் பிறவியிலேயே அறிவுக்குறை உடையவர் என்று நம்பியவர்! புலியின் குகைக்குச் சென்று புள்ளிவிவரம் கற்று, 1943ஆம் ஆண்டு டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார் மேமி. மூன்றாண்டுகளுக்கு முன்பு கென்னத் அதே துறையிலே பட்டம் பெற்றிருந்தார். கொலம்பியாவின் உளநூல் துறையிலே டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் கென்னத்; அடுத்தவர் மேமி.

கொலம்பியா என்றதும் டாக்டர் அம்பேத்கர் நம் நினைவுக்கு வருகிறார். 1913இல் அங்கே மாணவராய்ச் சேர்ந்தவர் அவர். 1946ஆம் ஆண்டு, கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு விடுக்கும் முறையீட்டின் படி கிடைக்குமா என்று கேட்டார். இந்நாட்டுத் தீண்டப்படாதார் நிலைக்கும் அந்நாட்டுக் கறுப்பினத்தவர் நிலைக்கும் ஒற்றுமை மிகுதி என்றும் அதிலே குறித்தார். ஆகவே அந்தப் பொம்மைகளைக் கடல் கடந்த கதையென நாம் ஒதுக்கிவிட முடியாது.

பட்டம் பெற்றாயிற்று, வேலை? கறுப்பினப் பெண், உளநூல் டாக்டர்! நியூயார்க்கிலே அப்படியொரு பிறவி இருக்கக்கூடும் என்பதையே எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தகுதிக்குக் குறைந்த வேலைகளிலே சில காலம் கழிந்தது. பின்னர் வீடற்ற கறுப்பினச் சிறுமியர் தங்கும் விடுதி ஒன்றிலே, அச்சிறுமியரைச் சோதித்து அறிவுரை கூறும் பணி கிட்டிற்று. அங்கேதான் அம்மையாரின் கண் முழுதாகத் திறந்தது. அச்சமும் அவமானமும் மனத்திலே தேங்கிக் கிடக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களை அழைத்துச் செல்ல ஓர் இடம் இல்லை. ஹார்லெம், நியூயார்க் நகரத்தின் கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் பகுதி. இலட்சக்கணக்கான மக்கள். பாட்டுக்கும் கூத்துக்கும் அங்கே மண்டபங்கள் உண்டு. வெள்ளைச் சீமான்கள் வண்டியேறி வந்து கேட்டு மகிழ்வர். பிள்ளையின் மனத்துயர் கேட்க நிலையம் இல்லை!

கிளார்க் தம்பதியர், சமூகப் பணி நிலையங்கள் பலவற்றின் கதவைத் தட்டினர். உங்கள் பணியை ஹார்லெம் பிள்ளைகளுக்கும் விரிவாக்குங்கள் என்று வேண்டினர். ஒருவரும் இசையவில்லை. பணமில்லை என்றனர் சிலர். தேவையில்லை என்றனர் சிலர். தேவையில்லையாம்! பசித்தவன் வீட்டு அடுப்பு எரியவில்லை, ஆகவே அவனுக்குச் சமைக்கும் பழக்கமில்லை என்பதுபோன்ற தருக்கம்.

1946ஆம் ஆண்டு. மேமி தம் தந்தையிடம் 946 டாலர் கடன் பெற்றார். ஹார்லெமின் டன்பார் குடியிருப்பிலே, நிலவறையாய் அமைந்த சிறு இடம் ஒன்றை எடுத்தார். நார்த்சைடு என்ற பெயரிலே சோதனை, ஆலோசனை நிலையம் ஒன்று அங்கே தோன்றிற்று. உளநூலாரும் மருத்துவரும் சமூகப் பணியாளரும் தொண்டர்களாக வந்து சேர்ந்தனர். இரண்டாண்டுகள் கழித்து அதற்குக் குழந்தை வளர்ச்சி நிலையம் என்று பெயர் மாறிற்று.

நிலையம் திறந்துவிட்டால் மக்கள் ஓடி வந்துவிடுவார்களா? வரவில்லை. மனத்துக்கு மருத்துவம் என்றதும் தாய்மார் தயங்கினர். என் பிள்ளை பித்தனல்லன் என்றனர். அவர்கள் தயக்கத்தை மூடத்தனம் என்று ஏசுவது எளிது. ஆனால் அவர்கள் அச்சத்துக்கு வரலாறு இருந்தது. மருத்துவம் அவர்கள் முன்னோருக்குச் சவுக்கடியை மருந்தாக எழுதித் தந்ததை நாம் பார்த்தோமல்லவா? பள்ளிக்கூடமும் தன் பங்குக்கு ஒரு முத்திரை வைத்திருந்தது. அறிவு குன்றியோர் வகுப்பு என்று ஒன்று. துடுக்காகப் பேசும் பிள்ளை, படிப்பிலே பின்தங்கிய பிள்ளை, ஆசிரியைக்குப் பிடிக்காத பிள்ளை, எல்லாம் அங்கே. ஒருமுறை உள்ளே சென்றால் வெளியேறும் வழி எளிதில் இல்லை.

இந்த முத்திரையை எதிர்க்கத்தான் தாய்மார் முதலிலே நிலவறைப் படி இறங்கினர். ‘என் மகன் மந்தனா? சோதித்துச் சொல்லுங்கள்!’ இதுவே அவர்கள் கேட்டது. அம்மையார் சோதித்தார். முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், அந்த வகுப்பிலே சேர்க்கப்படுவதற்குரிய எல்லைக்கு மேற்பட்ட அறிவுத்திறன் உடையவர்கள் என்பது தெரிந்தது. சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு பள்ளி அதிகாரிகளிடம் போராடினர். எந்தச் சோதனையைக் காட்டிப் பிள்ளையைத் தள்ளினார்களோ, அதே சோதனையை ஒழுங்காக நடத்திப் பிள்ளையை மீட்டனர். காரெட்டிடம் கற்ற கல்வி இப்படிப் பயன்பட்டது!

இதைக் குறித்து நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். மருத்துவ நிலையத்துக்கு வந்த தாய் முதலிலே பெற்றது மருந்தன்று, சான்று. உன் பிள்ளைக்குக் குறை இல்லை என்ற சான்று. அதனைப் பெற்றபிறகுதான், ஆனாலும் அவன் இரவிலே அலறுகிறான், எவரோடும் பேசுவதில்லை, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான் என்று மெல்ல வாய் திறக்க அவளுக்குத் துணிவு வரும். மானத்தைத் திருப்பித் தராத இடத்திலே எவரும் மனத்தைத் திறப்பதில்லை. 1925ஆம் ஆண்டு முதல் தன்மானத்தை முன்வைத்து நடந்த இயக்கத்தவர்க்கு இது புரியாததல்ல.

இனி, நாம் தலைப்பிலே எழுப்பிய கேள்வி நார்த்சைடு நிலையத்தின் உள்ளேயே பூசலாக வெடித்ததைக் கூறவேண்டும். நிலையத்துக்குப் பொருளுதவி செய்தோரிலும் நிர்வாகத்தில் இருந்தோரிலும், ஃப்ராய்டு வகுத்த உளப்பகுப்பாய்வு நெறியிலே பற்றுடையோர் இருந்தனர். பிள்ளையின் ஆழ்மனத்தைத் துருவுங்கள், தாயோடும் தந்தையோடும் அதற்குள்ள சிக்கலைக் காணுங்கள், மற்றவை நம் வேலையல்ல என்பது அவர்கள் போக்கு. கிளார்க் தம்பதியர் இசையவில்லை. குளிரிலே கணப்பு எரியாத வீடு, எலி ஓடும் அறை, ஒரு பத்தியும் படிக்கக் கற்றுத்தராத பள்ளி. இத்தனைக்கும் நடுவிலே வாழும் பிள்ளையிடம் சென்று, உன் கனவைச் சொல் என்று மட்டும் கேட்பதா? நிலையத்திலே படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தந்தனர். கணக்குச் சொல்லித் தந்தனர். வாசிப்புப் பயிற்சி அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. படிக்கத் தெரிந்த அன்று பிள்ளையின் முகத்திலே தோன்றும் நிமிர்வை எந்த மாத்திரை தரும்? பூசல் முற்றி ஆதரவாளர் சிலர் விலகினர். பணம் போயிற்று; கொள்கையை விடவில்லை.

அதே ஆண்டு, அதே ஹார்லெமிலே இன்னொரு நிலவறையிலும் மனநல நிலையம் ஒன்று திறந்தது. லஃபார்க் நிலையம் என்று பெயர். மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாமும் எழுத்தாளர் ரிச்சர்டு ரைட்டும் முன்னின்றனர். கட்டணம் 25 சென்டு. அது இருந்தது மாதாகோயில் ஒன்றைச் சேர்ந்த மனையின் நிலவறை. சூட்டிய பெயரோ கார்ல் மார்க்சின் மருமகனுடையது! சிரிப்பு வருகிறதல்லவா? இடம் தர அந்தக் கோயிலைத் தவிர வேறெவரும் முன்வராதபோது, பெயர்ப்பலகையில் கொள்கை இருந்தால் போதும் என்று அவர்கள் கருதினர் போலும். 1950களின் இறுதியிலே அது மூடப்பட்டது.

நம் இளைஞர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். அய்யா, கிணற்றிலே நஞ்சு கலந்தவனைப் பிடிக்காமல், குடித்தவனுக்குக் கசாயம் காய்ச்சிக்கொண்டிருப்பதா? ஒதுக்கல் ஒழிந்தால் ஒடிந்த மனம் தானே நிமிராதா? ஒடுக்கப்பட்டவனின் கோபத்தைத் தடவிக்கொடுத்து ஆற்றிவிட்டால் போராட ஆள் ஏது? கேள்வி கூர்மையானது; நாம் மதிக்கிறோம். மனநலம் என்ற பெயரிலே அநீதியோடு இணங்கிப் போகக் கற்பிக்கும் நிலையங்கள் உலகிலே இல்லாமலில்லை. ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர், துயரப்படுபவனைப் படைக்குத் தேவையான ஆளாக மட்டும் பார்க்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இரவிலே அலறி எழுகிறது. அதற்குக் கொள்கை வெற்றி பெறும் வரையில் காத்திரு என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டு? அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது ஒருமுறைதான் வரும். பிறகு கிடைக்கும் என்று ஏழையின் துயரைத் தள்ளிப் போடும் வாக்குறுதியை மறுமையின் பெயரால் மதவாதி தந்தான். புரட்சியின் பெயரால் நாம் தந்தாலும் பிள்ளைக்கு அது ஒன்றுதான்.

வாழ்க்கையிலே இந்த வேறுபாட்டைக் கிளார்க் தம்பதியரே காட்டினர். கென்னத் வெளியுலகுக்குச் சென்றார். 1962ஆம் ஆண்டு ஹார்லெம் இளைஞர்க்கென விரிவான திட்டம் வகுக்கும் அமைப்பைத் தொடங்கினார். அரசியல்வாதிகளோடு மோதி விலகினார். 1965இல் நூல் எழுதினார். 1970இல் அமெரிக்க உளநூலார் சங்கத்தின் தலைமை ஏற்றார். மேமி அம்மையார் நார்த்சைடிலேயே இருந்தார். நிலையம் மேலும் மேலும் பெரிய இடங்களுக்கு மாறிற்று. ஏழை எளியோர்க்கு வீடமைக்கும் திட்டத்திலும் அம்மையார் ஈடுபட்டார். எவர் பெரியவர் என்று நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: வெளியே சென்று வழக்காடியவரின் சொல்லுக்கு வலிவு தந்தது, உள்ளே இருந்து பிள்ளைகளைப் பார்த்த கண்.

அந்த வழக்கையும் கூறவேண்டும். பள்ளிகளிலே நிற ஒதுக்கலை எதிர்த்து, தர்குட் மார்ஷல் தலைமையிலே வழக்கறிஞர் குழு போரிட்டது. 1951ஆம் ஆண்டு தென் கரோலினாவிலே கென்னத் மீண்டும் பொம்மைகளை எடுத்துச் சென்றார். 16 பிள்ளைகளைச் சோதித்தார்; 11 பேர் பழுப்புப் பொம்மையே மோசம் என்றனர். அடுத்த ஆண்டு வர்ஜினியா வழக்கிலே ஒதுக்கலுக்கு ஆதரவாகச் சாட்சிக் கூண்டேறினார் ஒரு பேராசிரியர். வேறு யாருமல்லர், ஹென்றி காரெட்! அவருக்கு மறுப்புரை கூற அழைக்கப்பட்டவர் அவருடைய பழைய மாணவி, டாக்டர் மேமி கிளார்க். 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிரித்து வைத்த பள்ளி சமமான பள்ளியாகாது. தீர்ப்பின் அடிக்குறிப்பிலே உளநூல் ஆய்வுகள் இடம்பெற்றன, முதலாவது கென்னத்தினுடையது.

பகுத்தறிவாளர் என்ற முறையிலே சோதனையின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிரித்து வைத்த தென் மாநிலப் பள்ளிகளிலே பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர் நூற்றுக்கு 49. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த வட மாநிலப் பள்ளிகளிலே நூற்றுக்கு 71! அப்படியானால் புண்ணுக்குக் காரணம் தனிப்பள்ளி என்பது எங்ஙனம் மெய்ப்படும் என்று எதிரிகள் கேட்டனர், கேட்கத்தக்க கேள்வியே. தென்னாட்டுப் பிள்ளை இழிவை விதியென ஏற்றுப் பழகிவிட்டது, வடநாட்டுப் பிள்ளை இன்னும் அதனோடு மல்லுக்கட்டுகிறது என்பது கென்னத்தின் விளக்கம். நமக்குத் தோன்றுவது வேறு. பள்ளிக்கூடத்தின் சுவரை இடித்துவிட்டால் போதும் என்று எவரும் நிம்மதி கொள்ள முடியாது; ஒரே பலகையிலே உட்கார வைத்துவிட்டு நாள்தோறும் குத்திக் காட்டும் சமத்துவமும் உண்டு. பின்வந்த ஆய்வாளர் சிலர், பொம்மையைக் கொண்டு பிள்ளையின் தன்மதிப்பை அளந்துவிட முடியாது என்றும், ஒடுக்கப்பட்டோரை உடைந்து போனவர்களாகவே காட்டும் பழக்கத்துக்கு இது வழிவகுத்தது என்றும் குறை கூறினர். அதிலும் உண்மை உண்டு. ஆனால் தீர்ப்பு விட்டுவிட்ட பகுதி ஒன்று நம்மை அதைவிட அதிகம் உறுத்துகிறது. 1950ஆம் ஆண்டு வெள்ளை மாளிகை மாநாட்டுக்குத் தந்த அறிக்கையிலே, நிறவெறி வெள்ளைப் பிள்ளையின் உள்ளத்தையும் கெடுக்கிறது என்று கென்னத் எழுதியிருந்தார். நீதிமன்றம் கறுப்பினப் பிள்ளையின் தாழ்வுணர்ச்சியைப் பேசிற்று. வெள்ளைப் பிள்ளையின் கோணலைப் பேசவில்லை. சக மனிதன் தொட்ட குவளையைக் கண்டு அருவருக்கப் பழகிய பிள்ளைக்கு நோய் இல்லையாம்! அதனைச் சோதிக்க இன்னும் நம் ஊரிலும் நிலையம் ஏதும் திறந்ததாகக் காணோம்.

நம் ஊர் என்று வாயெடுத்துவிட்டோம். ஆகவே கசப்பாயினும் சிலவற்றைச் சொல்கிறோம். ஏர்வாடியிலே 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்போதிலே, கொட்டகை ஒன்றில் சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலே சிக்கினர். மாண்டவர் 28 பேர். மூடநம்பிக்கையின் கொடுமை என்று எழுதினோம், பேசினோம். பொய்யல்ல. ஆனால் பெற்ற பிள்ளையைச் சங்கிலியிலே விட்டுச் சென்ற தாய்க்கு, அருகிலே வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று எத்தனைபேர் கேட்டோம்? கிளார்க் தம்பதியர் தட்டிய கதவுகளைப் போன்றவைதாமே இங்கேயும்?

இன்னொன்று. எதிர்க்கட்சிக்காரனை ஏச நம் மேடைகளிலே எளிதாக வரும் சொல் எது? பைத்தியம்! ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்’ என்றால் கூட்டம் சிரிக்கிறது. இந்த ஏட்டின் பழைய இதழ்களிலும் அச்சொல் உண்டு. எழுதியவர்களிலே நாமும் உண்டு. சாதிப்பெயரால் ஏசுவது இழிவு என்று கற்றோம். உடற்குறையால் ஏசுவதும் இழிவு என்று கற்றோம். இதனை மட்டும் ஏன் விட்டு வைத்தோம்? அந்தக் கூட்டத்திலே பின்வரிசையில் நிற்கும் இளைஞன், குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி கண்டவன், பட்டணத்து விடுதியிலே சாதி கேட்கப்பட்டு, மதிப்பெண்ணால் குத்தப்பட்டு, நான் மந்தன்தானோ என்று மூன்று மாதமாக உறங்காமல் இருப்பவன், அந்தச் சிரிப்பைக் கேட்கிறான். தோழரிடம் சொல்லலாம் என்று வந்தவன் சொல்லாமலே திரும்புகிறான். கொள்கை உரம் உள்ளவனுக்கு மனச்சோர்வு வராது என்று எவரோ அவனுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் வராதா கொள்கை உரம் உள்ளவனுக்கு?

மேமி அம்மையார் 1979ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார், 1983இல் மறைந்தார். நார்த்சைடு நிலையம் இன்றும் நியூயார்க்கிலே இயங்குகிறது. 946 டாலருக்கு ஈடான தொகை நம் தோழர்களிடம் இல்லாதிருக்கலாம். உளநூல் டாக்டர் பட்டமும் இல்லை. படிப்பகங்கள் உண்டு. அங்கே மாலைப்பொழுதிலே, தோல்வியுற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரக்கூடிய பட்டதாரிகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு தாயைக் கைபிடித்து அழைத்துச் சென்று, மனநலப் பிரிவு எங்கே என்று அவளுக்காகக் கூச்சமின்றி உரக்கக் கேட்கக்கூடிய வாய்கள் உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்ற எண்ணிலே அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். படிப்பகத்து வாயிலிலே, அடுத்த பொதுக்கூட்டத்தின் நாளையும் பேச்சாளர் பெயரையும் எழுதி வைக்கும் கரும்பலகையிலே, ஒரு மூலையில் அந்த எண்ணையும் எழுதி வையுங்கள். மழையிலே அழிந்தால் மறுநாள் மீண்டும் எழுதுங்கள்.